அல்பினா பார்க்காத மான்கள்

தோட்டா விற்கிற கடையில் நின்றுகொண்டு கனவு காண்கிறவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா, தெரியாது. அல்பினா கண்டாள். ஸிங்காவின் கடையில் தூண்டில் கோல்களையும் ரப்பர் பூட்ஸ்களையும் தாண்டிப் போனால் பூட்டு போட்ட கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கும். அதன் முன்னால் நின்றால் மற்றவர்களுக்குப் பெட்டிகள் தெரியும். அவளுக்குக் காடு தெரிந்தது.

பச்சைப் பெட்டியைப் பார்த்தால் ஃபிர் மரத்தடியில் ஈரப் பாசி, பாசியில் ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் வெகுதூரத்துக்கு ஒன்றுமே இல்லை. நீலப் பெட்டி என்றால் ஓடை. ஓடைத் தண்ணீரில் வயிற்றைக் குளிர வைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு காட்டுப்பன்றி, அவளைப் பார்த்த பார்வை. சிவப்புப் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, அதற்குள் நொண்டிக்கொண்டு போகிற கால்கள், எத்தனை என்று எண்ண முடியாத கால்கள்.

"அடியே, கடையை மூடணும். மனசுக்குள்ள படம் ஓடினது போதும், எது வேணும்னு சொல்லு," என்றாள் ஸிங்கா. இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

அல்பினாவுக்கு வேலை பள்ளிப் பேருந்து ஓட்டுவது. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள், மதியம் இறக்கிவிடுவாள். மற்ற நேரத்தில் அவளும் அவளுடைய மோப்ப நாய் பூர்யாவும் ஊரார் சரியாகச் சுடாமல் விட்ட மிருகங்களைத் தேடிப் போவார்கள். காயம்பட்டு ஓடியதை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு உயிரான வழக்கம். சுட்டவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போன் செய்வான். "அல்பினா, கொஞ்சம் வர முடியுமா? நல்லாத்தான் பட்டுச்சு. ஆனா..." அந்த "ஆனா"வைக் கேட்டதும் அவள் நாய்க்கயிற்றை எடுத்துவிடுவாள்.

இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றியாக, இந்த இலையுதிர் காலத்தில் மேல் புல்வெளிக்கு வருகிற கலைமானை அல்பினா சுடட்டும் என்று வேட்டைக் குழு முடிவு செய்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கோ பயமாக இருந்தது. மற்றவன் சுட்டது ஓடினால் அவள் திட்டலாம். அவள் சுட்டது ஓடினால்? தனக்குப் பின்னால் ஒரு மிருகம் நொண்டிக்கொண்டு போவதை அவளால் தாங்க முடியாது. ஊர் சிரிப்பது அதற்கு அப்புறம்தான். அந்த மான் கண் முன்னாலேயே விழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"சாம்பல் பெட்டி," என்றாள் அல்பினா.

ஸிங்கா புருவத்தைத் தூக்கினாள். "அது முழுச் செம்பு. கரடி சுடப் போறியா? இங்க எல்லாரும் மானுக்குச் சிவப்புதானே வாங்குறாங்க."

"எல்லாரும் வாங்குறாங்க. எல்லாரோட மானுக்குப் பின்னாடியும் நான் ஓடுறேன். சாம்பல் பெட்டில சுட்ட மான் ஒண்ணு பின்னாடிகூட நானும் பூர்யாவும் போனதில்ல. அது போதும் எனக்கு."

சிவப்புப் பெட்டியில் இருப்பது மூக்கில் ஈயம் தெரிகிற சாதாரணக் குண்டு. பட்டதும் காளான் மாதிரி விரியும். செம்புக் குண்டு அப்படி லேசில் சிதையாது, எலும்பையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். விரிவது நல்லதா, துளைப்பது நல்லதா என்று கேட்டால் வேட்டைக் குழு கூடுகிற வீட்டில் விடிய விடியச் சண்டை நடக்கும். அல்பினாவைக் கேட்டால் ஒரே பதில்தான். சிவப்பு உருப்படாது.

துப்பாக்கி அவளுடையதல்ல. காயம்பட்டதன் கிட்டே போய் முடித்துவைக்க அவளிடம் ஒரு குட்டைத் துப்பாக்கி இருந்தது. புல்வெளியின் அகலத்துக்கு அது ஆகாது. புருஷன் சிரிலுடைய ஏழு மில்லிமீட்டர் ரைஃபிள் அலமாரியில் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கிடந்ததற்குக் காரணம் அவள்தான், அது அவளுக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிரில் சுட்ட கலைமான் ஓடிவிட்டது. அவளும் பூர்யாவும் பள்ளமும் மேடுமாக அலைந்து மறுநாள் மதியம்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். குண்டு வயிற்றுப் பக்கம் பட்டு வெளியே போயிருந்தது. அது அந்த ராத்திரியை எப்படிக் கழித்திருக்கும் என்பது படுத்திருந்த இடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சாயங்காலம் வேட்டைக் குழுவின் வீட்டில், எல்லோரும் காளான் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் வாயை அடக்கவில்லை. "மறுபடியும் சிவப்புப் பெட்டி! அத வச்சு மான் சுடுறது கரண்டியால ஆணி அடிக்கிற மாதிரி. கட்டினவனுக்கே புரியவைக்க முடியல, ஊருக்கு எங்க புரியவைக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். சிரிலும் சிரித்தான். வீட்டுக்கு வந்து ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போட்டு உள்ளே வைத்துப் பூட்டினான். அதற்கப்புறம் காட்டுக்குப் போனால் விறகுக்கும் காளானுக்கும்தான்.

கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டான். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. சனிக்கிழமை பழைய கல்குவாரியில் சுட்டுப் பார்க்கப் போனபோது கூடவே வந்து, ரைஃபிளுக்கு அடியில் மணல் மூட்டையைச் சரியாக வைத்துக் கொடுத்தான். சிரில் மர அறுவை ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். எந்தப் பொருளையும் அவசரப்பட்டு வைக்க மாட்டான்.

சாம்பல் பெட்டியிலிருந்து எடுத்து, எதிரே ஒட்டிய குறிக் காகிதத்தில் மூன்று சுட்டாள். ஒன்று மேலே வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம், மூன்றாவது ஒரு கை அளவு கீழே. குழலை ஆறவிட்டு மறுபடி மூன்று. அதே கதை. துவாரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் போல ஆளுக்கொரு மூலையில் இருந்தன.

சிரில் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பெட்டித் தோட்டா மூன்றை எடுத்து பெஞ்சில் வைத்தான். அவள் அவனை முறைத்துவிட்டுச் சுட்டாள். போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில், ஒரு பிளம் பழத்தை வைத்து மூடிவிடலாம்.

"துப்பாக்கி சொல்லிடுச்சு," என்றான் சிரில்.

"துப்பாக்கிக்குக் காகிதத்தைப் பத்தித்தான் தெரியும். மானைப் பத்தி எனக்குத் தெரியும்."

"படவேண்டிய இடத்துல படலைன்னா, அது செம்பா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன?"

"சரியான இடத்துல பட்டும் ஓடினத நான் பாத்திருக்கேன் சிரில். சிவப்பு. எல்லாம் சிவப்பு. சாம்பல் ஒண்ணுகூட இல்ல."

சிரில் தரையில் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான். "இந்தப் பள்ளத்தாக்குல யாரு சாம்பல் போடுறாங்க? எல்லாரும் சிவப்பு போட்டா, ஓடுறதும் சிவப்பாத்தான் இருக்கும். விழுந்த மானைப் பாக்க உன்ன என்னைக்காவது கூப்பிட்டிருக்காங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "பெரிய கண்டுபிடிப்பு," என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.

திங்கட்கிழமை விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அந்த ஊர்க் காட்டில் தரை ஆங்காங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கிண்ணத்திலும் பால் ஊற்றி வைத்த மாதிரி பனி நிற்கும். பேருந்து அதற்குள் இறங்கினால் உலகமே இல்லாமல் போகும், ஏறினால் மறுபடி உண்டாகும். பிள்ளைகள் ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். எங்கேயோ மேலே ஒரு கலைமான் கத்தியது. பெண் மான்களைக் கூப்பிடும் பருவம் அது. இரும்புக் கதவு திறக்கிற மாதிரி ஆரம்பித்து, அழுகை மாதிரி முடிந்தது.

சர்ச் நிறுத்தத்தில் பாதிரியார் காபர் நின்றிருந்தார். பூசை இல்லாத நேரத்தில் அவரும் வேட்டைக்காரர்தான். அல்பினா கண்ணாடியை இறக்கினாள். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"ஃபாதர், போன வருஷம் ஒரு கலைமான் எடுத்தீங்களே, எந்தப் பெட்டி?"

பாதிரியார் திருட்டு முழி முழித்தார். "திட்டக் கூடாது."

"திட்டல. சொல்லுங்க."

"சிவப்புதான்மா. ஓக் மரத்தடில நின்னுச்சு. அங்கேயே உக்காந்துடுச்சு." கையை மெதுவாகத் தாழ்த்திக் காட்டினார், பிரார்த்தனை முடிக்கிறவர் போல. "ஜெபம் சொல்லக்கூட நேரம் இல்ல."

பால் சேகரிக்கும் இடத்தில் தபால்காரர் ஃபெலிக்ஸ். "சிவப்பு. நாலு தாவு தாவிச்சு, புல்லுக்குள்ள தலை மறையறதுக்குள்ள விழுந்துடுச்சு. ஏன், வரி போடப் போறாங்களா?" பள்ளிக்கூட வாசலில் பாட்டு டீச்சர் டரிங்கா. "சிவப்பு. என் மூணு மானும் சிவப்பு. எனக்கு உன்ன பயம் அல்பினா, அதனால சுடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ மூச்ச விடுவேன்." அவளும் கையைத் தாழ்த்திக் காட்டினாள். அதே மாதிரி மெதுவாக.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது ஒருவர் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு மறுபடி பனிக்குள் போனார். அவள் பார்க்காத மான்கள். அவள் பெயரை யாரும் கூப்பிடாத விடிகாலைகள். ஓட்டிக்கொண்டே அவள் அவற்றைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பால் கிண்ணத்துக்கு அடியிலும், ஓக் மரத்தடியிலும், பெரணிப் புதரிலும் ஒரு மான் அமைதியாகப் படுத்திருந்தது. வாயில் ஒரு பச்சைக் கொப்பு. சுட்டவர்கள் வைக்கிற கடைசிக் கவளம். கண்களில் பயம் இல்லை. இத்தனை வருஷம் இதே காட்டில் மூக்கைத் தரையில் வைத்துத் திரிந்தும் அவள் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, தன் மேல் கோபமாகவும் வந்தது. ஒரு திருப்பத்தில் அவள் கண் கலங்கியதை முன் சீட்டிலிருந்த பெண் பார்த்துவிட்டு, "டிரைவர் ஆன்ட்டி, வைப்பர் போடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஸிங்காவின் கடை.

"சிவப்பு," என்றாள் அல்பினா.

ஸிங்கா காதில் கை வைத்தாள். "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு, கடைக்கு முன்னாடி போர்டுல எழுதி வைக்கிறேன்."

"வாய மூடிட்டுக் குடு."

புதுப் பெட்டி என்பதால் குவாரியில் மறுபடி சுட்டுப் பார்த்தாள். ஒரே நிறப் பெட்டி, சொந்தக்காரர்கள்தான் என்றாலும் நேரில் பார்க்காமல் நம்பக் கூடாதே. அதே பிளம் பழ அளவுதான். புல்வெளியில் ஒரு பட்ட மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், தூரத்தில், மான் நின்றால் சுடுவதில்லை, இந்தப் பக்கம் வந்து பக்கவாட்டில் திரும்பி நின்றால் மட்டும் சுடுவது என்று முடிவு செய்துகொண்டாள். பெட்டியின் வேலை பாதி, மீதி இதுதான் என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

ஞாயிறு விடிகாலை சிரில் தானாகவே எழுந்து காபி போட்டான். சுட்டவரே தன் மிருகத்தைத் தேடிப் போகக் கூடாது. கை பதறும், கண் பொய் சொல்லும். அதனால் எது நடந்தாலும் பூர்யாவைப் பிடித்துக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.

"நான் வண்டில இருக்கேன்," என்றான். "நாயும் நானும் ரொட்டி தின்னுட்டு இருப்போம். எங்களுக்கு வேலை வைக்காத."

"நல்ல பார்வை கிடைக்கட்டும்னு சொல்லு," என்றாள். வேட்டைக்குப் போகிறவருக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"நல்ல பார்வை கிடைக்கட்டும்," என்றான் சிரில். மூன்று வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அப்போதுதான்.

புல்வெளியின் ஓரத்தில் மரப்பலகை மேடை. ஏறி உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். அப்புறம் அந்த வெள்ளைக்குள் பீச் மரங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவதுபோல வந்தன. கத்தல் கேட்டது. கிட்டேயா தூரத்திலா என்று சொல்ல முடியவில்லை, பனியே கத்துகிற மாதிரி இருந்தது. ரெண்டு பெண் மான்கள் கால்கள் இல்லாமல் மிதந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் கொம்பு வந்தது. உடம்பு வர நேரமாயிற்று.

கலைமான் அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றது. பெரியது. மூச்சைப் புகையாக விட்டது. அவள் விரலைத் தள்ளியே வைத்திருந்தாள். போய்விடுமோ என்று இருந்தது. போனால் போகட்டும் என்றும் இருந்தது. ஒரு பெண் மான் இந்தப் பக்கம் மேய்ந்து வர, பின்னாலேயே அதுவும் வந்தது. பக்கவாட்டில் திரும்பித் தலையைத் தூக்கியது. அவள் டரிங்கா டீச்சரைப் போல ரெண்டு தடவை மூச்சு விட்டாள்.

சுட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அது முன்னால் ஒரு தாவு தாவியது. ரெண்டாவது தாவலில் முன்கால்கள் மடங்கின. பெரணிப் புதரின் ஓரத்தில், அவள் கண் முன்னால், பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. கொம்பு ஒரு தடவை அசைந்தது. அப்புறம் பனி மட்டும்தான் அசைந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதற்கு அப்புறம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. காத்திருந்து, இறங்கி, அது நின்ற இடத்துக்குப் போனாள். பழக்கதோஷம், குனிந்து புல்லை விலக்கி முடி இருக்கிறதா, எலும்புத் துண்டு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.

"என்ன தேடுற?" சிரில் பூர்யாவோடு பின்னால் வந்து நின்றிருந்தான். "அதோ கிடக்கு."

"தெரியும்," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மூவரும் போனார்கள். கண்ணை இமையருகே குச்சியால் தொட்டுப் பார்த்தாள். உயிர் இல்லை. தோளுக்குப் பின்னால் குண்டு நுழைந்த இடம் சிறியது, மறுபக்கம் வெளியேறிய இடம் அவள் முஷ்டி அளவு. வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போயிருந்தது. ஃபிர் கொப்பை ஒடித்து அதன் வாயில் வைத்தாள். சிரில் தொப்பியைக் கழற்றினான். சுட்டவருக்குத் தருகிற வழக்கப்படி இன்னொரு கொப்பை அவளிடம் நீட்டி, அவள் கையைக் குலுக்கினான். பூர்யா, தேட ஒன்றும் இல்லாத இந்தக் கூத்து என்ன என்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அல்பினா அந்த முஷ்டி அளவுத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நல்லா வேலை செய்யுதே. உன் துப்பாக்கிக்கும் இதான் பிடிக்குது. அப்புறம் உன் மான் மட்டும் ஏன் சிரில்? நீ கை நடுங்குற ஆளும் இல்ல. வயித்துல பட்டுச்சே, எப்படி?"

சிரில் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். நாயின் காதைத் தடவினான்.

"அது சிவப்பு இல்ல," என்றான்.

"என்ன?"

"சாம்பல். நீ தினமும் சொல்லிட்டே இருந்தியா, சிவப்பு வேண்டாம், சிவப்பு வேண்டாம்னு. டவுனுக்குப் போய் சாம்பல் வாங்கிட்டு வந்தேன். விழுந்ததும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீ சந்தோஷப்படுவேன்னு." நாய்க்கயிற்றைக் கையில் சுற்றினான். "சுட்டுப் பாக்காமலே போனேன். என் தப்பு. சிவப்புக்குக் குறி திருத்தி வச்ச துப்பாக்கி. எங்க போகும்னு நீதான் குவாரில பாத்தியே."

ஈரப் புல்லில் மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாம்பல் பெட்டி மான் ஒன்று பின்னால்கூடப் போனதில்லை என்று அவள் சொன்னதெல்லாம் காதில் திரும்பக் கேட்டது. கடையில், குவாரியில், அவன் முகத்துக்கு நேராக.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? மறுநாள் மதியம் வரைக்கும் அது பின்னாடி அலைஞ்சு, முழங்காலெல்லாம் ரத்தமா வந்து நின்ன. நீ சொன்ன குண்டுதான்டின்னு அப்பப் போய்ச் சொல்வாங்களா? நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் நாளாயிடுச்சு."

"எல்லாரும் சிரிச்சாங்களே. நீயும் சிரிச்ச."

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"மடையா," என்றாள் அல்பினா. அழுகை வந்துவிட்டது. "மூணு வருஷம்டா. மூணு வருஷம் காட்டுக்கே வராம... நான் பேசினதுக்கு ஒரு வார்த்தை திருப்பிப் பேசக் கூடாதா?" அவனைத் திட்டுகிறாளா தன்னையா என்று அவளுக்கே புரியவில்லை. பூர்யா வந்து அவள் முகத்தை நக்கியது. அவள் நாயைத் தள்ளிவிடவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் இருப்பாங்க. அவங்க முன்னாடிதான பேசினேன். அவங்க முன்னாடியே சொல்றேன்."

"வேண்டாம் விடு. மூணு வருஷம் கழிச்சு எதுக்கு?"

"உன்னக் கேக்கல."

கொம்பில் கயிற்றைக் கட்டினார்கள். அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கலைமான் கனத்தது, பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பனி மரங்களுக்கு மேலே போய்விட்டது, புல்வெளி சாதாரணப் புல்வெளியாக இருந்தது. இழுத்துக்கொண்டே அல்பினா மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள்: "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அன்னிக்கு சிரிலோட மான்..." அங்கேயே நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சிரில் கேட்காதது போலக் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு இழுத்தான்.